இருவருக்குக் கொழும்பு

1937 பெப்ரவரி 9

நான் வேலை பார்க்கும் கந்தோரில் இன்று மூன்று பேர் நேசத்தைச் சுகம் விசாரித்தார்கள். நல்ல சுகம் என்றேன். வேறென்ன சொல்ல? இல்லாத பெண்சாதிக்குத் தடிமன் காய்ச்சல் எப்படி வரும்?

எல்லாம் ஸாலிஹ் நானாவின் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறையும் அரை விறாந்தையும்தான் அவருடைய அச்சுக்கூடம். நான் எழுதிக் கொண்டுபோனது ஒழுங்கான கையேடு. யாழ்ப்பாணத்திலிருந்து மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்காக இங்கே வரும் புதுத் தம்பதிகள் பின்னேரத்தில் உலாவிவரப் பதினொரு இடங்கள், படங்களோடு. கலியாணப் பரிசாகக் கொடுக்கத் தோதாகச் சிவப்புத் துணி அட்டை. 'இருவருக்குக் கொழும்பு' என்று பெயர். நானா வாசித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கலியாணம் முடிக்காத ஆளு எழுதின தம்பதிமார்ட புத்தகத்த எவன் வாங்குவான்? ஒரு பொஞ்சாதியப் போடுங்கொ."

போட்டேன். 'நானும் என் இல்லாள் நேசமும்' என்று எழுதும்போது கை கூசவில்லை. உண்மையைச் சொன்னால், இனிப்பாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு கலியாணவீட்டில் ஒரே சோடிக்கு ஏழு பிரதி கிடைத்ததாம். நாகேந்திரம், நீ பெரிய ஆள்தான் போ.

பெப்ரவரி 14

படங்களை இன்று மறுபடி பார்த்தேன். படம் போட்ட சிநேகிதன் ஒஸ்வால்டுக்குக் கை வரையத் தெரியாது. பதினொரு படத்திலும் நானும் நேசமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறோம். பொலிஸ் பிடித்துக்கொண்டு போவது போலத்தான் இருக்கிறது. ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நேசம் வடிவாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பெப்ரவரி 17

அச்சுக்கூடத்துக்கு நேசம் பேருக்கு ஒரு கடிதம். 'அன்புள்ள நேசம் அக்காவுக்கு. நாலாம் இடத்தில் நீங்கள் சொன்ன பாறையில் இருந்தேன். அலை வந்து சின்னம்மாவின் பட்டுச்சேலை நனைந்துவிட்டது. உப்புத்தண்ணீர்க் கறையை எப்படிப் போக்குவது? — பாமன்கடைச் சகோதரி.'

பேசாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டேனா? இல்லை. இடது பக்கம் சாய்த்துப் பெண் எழுத்தாக ஒரு பதில் எழுதினேன். சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்கவும். என் பெனியனுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

நானாவின் மனைவி பைறோஸா நேசத்துக்கென்று வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தா. இருவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

பெப்ரவரி 23

சிவக்கொழுந்து அக்காவின் கடிதம். எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறதாம். பெண் ஜெகதீஸ்வரி, பள்ளிக்கூட ரீச்சர். தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா, நில அளவைக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். வீடு பாமன்கடை.

எனக்குத் தெரியும் அவவை! வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயில் பிந்தியதற்கு ஸ்டேசன் மாஸ்டரை நிற்கவைத்து ஏசினவ. அந்த மனுசன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அண்டைக்கு நான் ஏற வேண்டிய ரயிலையே விட்டுப்போட்டு நிண்டு பாத்தனான். அதுக்குப் பிறகும் எத்தினை நாள் ஸ்டேசனில பாத்திருப்பன்! முப்பத்துமூன்று வயதில் இப்படியொரு படபடப்பு தேவையா? தேவைதான். இது சரிவராவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 4

சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. பத்தில் எட்டு.

மார்ச் 9

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது.

ஸ்ரீஸ்கந்தராசா மாமாவுக்கு யாரோ ஒரு புண்ணியவான் 'இருவருக்குக் கொழும்பு' வாசிக்கக் கொடுத்திருக்கிறான். நான் குடியிருக்கும் வெள்ளவத்தை வீட்டுக்கே தேடி வந்துவிட்டார். வாசலில் நின்றே கேட்டார்: "தம்பி, நூற்றிருபது பக்கத்தில அறுபத்துநாலு தரம் 'என் இல்லாள்' எண்டு எழுதியிருக்கிறீர். அந்தப் பிள்ளையை எங்க வைச்சிருக்கிறீர்?"

கற்பனை என்றேன். "அறுபத்துநாலு தரமோ?" என்றார். எண்ணியிருக்கிறார் மனுசன்!

மார்ச் 11

அக்காவின் தந்தி. இரண்டே சொல். 'யார் நேசம்?'

மார்ச் 13

நானாவிடம் ஓடினேன். இரண்டாம் பதிப்பில் நேசத்தைக் கொன்றுவிடுவோம், நெருப்புக்காய்ச்சல் போதும் என்றேன். நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கொல்லவா? பரிசுப் புத்தகத்துல மையத்தா? தம்பி, ஒங்களுக்குப் பைத்தியமா? பைறோஸா மூணு நாளைக்கு அழுவா."

சரி, அவள் வேறு ஆளோடு போய்விட்டாள் என்று போடுவோமா? "நேசம் அப்படிப்பட்ட பொம்புள இல்ல" என்றார். நான் பெத்த பேய் எனக்கே பிடரியில ஏறி இருக்குது.

மார்ச் 16

விவாகப் பதிவாளரிடம் போனேன். கலியாணம் முடிக்கவில்லை என்று ஒரு அத்தாட்சித் துண்டு தாருங்கள் என்றேன். "முடிச்சதுக்குத் துண்டு தரலாம். முடிக்காததுக்கு என்னத்தைப் பார்த்து எழுதித் தாறது?" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 18

ஒஸ்வால்ட் எனக்கு உதவி செய்கிறானாம். "மச்சான், நேசத்தை வரைஞ்சது நான். நான் போய் உண்மையச் சொல்றேன்" என்று ஒரு பிஸ்கட் தகரத்தோடு பாமன்கடைக்குப் போய்விட்டான். அதன் மூடியில் இருக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் நேசத்தை வரைந்தானாம். பொட்டும் கொண்டையும் மட்டும் அவன் கைவேலை. எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்!

மூடியைக் காட்டியிருக்கிறான். இப்போது பாமன்கடை முழுவதும் கதை: நாகேந்திரத்தின் பெண்சாதி வெள்ளைக்காரி.

மார்ச் 19

கந்தோரில் துரை கைகுலுக்கினார். ஏனென்று கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 21, ஞாயிறு

கடைசியாக நானே போனேன். ஏச்சு விழுந்தாலும் முகத்துக்கு நேரே விழட்டும் என்று.

மாமா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மேசையில் என் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. நான் வாய் திறக்க முன்னமே உள்ளேயிருந்து ஜெகதீஸ்வரி வந்தா. தேத்தண்ணி கொண்டுவரவில்லை. கையில் ஒரு பொட்டலம்.

"அப்பா, இவருக்குப் பெண்சாதி இல்லை. நான் சத்தியம் பண்ணுவன்."

"உனக்கு எப்படிப் பிள்ளை தெரியும்?"

"புத்தகத்தை வடிவா வாசியுங்கோ. அந்த மனிசி வெள்ளவத்தைப் பாலத்தில இருந்து காலிமுகத்திடல் மட்டும் நாலு மைல் பட்டுச்சேலையோட நடக்கிறா. ஒரு இடத்திலயும் தண்ணி விடாய்க்குது எண்டு சொல்லேல்லை. கால் நோகுது, கொஞ்சம் இருப்பம் எண்டு கேக்கேல்லை. இவர் மூண்டு தரம் வழி தவறுறார். ஒருக்காலாவது 'நான் அப்பவே சொன்னனான்' எண்டு சொன்னவவோ? 'ஆகா' எண்டுறா, சிரிக்கிறா. அவ்வளவுதான். அப்படி ஒரு பெண்சாதி உலகத்தில எந்த ஆம்பிளைக்கு வாய்ச்சிருக்கு? கலியாணம் கட்டின ஒருத்தன் இதை எழுதியிருப்பானோ?"

மாமா மெதுவாகத் திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். மாமி அங்கே நின்றா. மாமா என் பக்கம் குனிந்து, "ஓம். அது உண்மைதான்" என்றார், தாழ்ந்த குரலில்.

"என்ன உண்மை?" என்றா மாமி.

"ஒண்டுமில்லை."

பிறகு ஜெகதீஸ்வரி பொட்டலத்தை அவிழ்த்தா. கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஒரு துணி, சுருண்டு, திட்டுத் திட்டாக. "இது சின்னம்மாவின்ர காஞ்சிபுரம். சுடுதண்ணியில ஊறப்போடச் சொல்லி நேசம் அக்கா எழுதினவ. எந்தப் பொம்பிளை இப்படி எழுதுவாள்?" என்று என்னையே பார்த்தா. ஸ்டேசன் மாஸ்டர் ஏன் தொப்பியைக் கழற்றினார் என்று எனக்கு விளங்கியது. தொப்பி இல்லாதபடியால் நான் எழும்பி நின்றேன்.

"நான்தான் எழுதினனான். மன்னிக்கோணும்."

மாமா கேட்டார்: "அப்ப என்ன பிள்ளை சொல்லுறாய்? சம்மதமோ?"

"மூத்தாளோட சண்டை பிடிக்கிற தொல்லை இல்லையெண்டால் சம்மதம்" என்றா. சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்து, இருமலென்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 13

கலியாணம். எங்களுக்குக் கிடைத்த பரிசில் 'இருவருக்குக் கொழும்பு' மட்டும் இருபத்துமூன்று.

ஜூன் 27

அடுத்த வீட்டு மனிசி ஜெகதீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, உங்கட மனுசனுக்கு முதல் ஒருத்தி இருந்தவ, தெரியுமோ?" என்றாவாம். "தெரியும். நல்ல மனிசி, வாய் திறக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறா.

ஜூலை 4, ஞாயிறு

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் வேண்டும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லா இடத்தையும் ஒருக்கால் பாருங்கள் என்று நானா பிடிவாதம். பின்னேரம் நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

பாலம் தாண்ட முன்னமே ஜெகதீஸ்வரிக்குச் செருப்பு கடித்தது. முதலாம் இடத்தில் நான் எழுதிய கல்லாசனத்தில் யாரோ கருவாடு காயப்போட்டிருந்தார்கள். "இதுதானோ அமைதியான மூலை?" என்றா. இரண்டாம் இடத்துக்கு நான் குறுக்குவழி காட்டப்போய் ஒரு வண்ணான் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டோம். "நான் அப்பவே சொன்னனான்" என்றா. கடலோரம் வந்ததும் மணலில் இருந்துவிட்டா. இனி ஒரு அடி நடக்கமாட்டாவாம், றிக்‌ஷா பிடிக்கட்டாம்.

நான் றிக்‌ஷாவைத் தேடி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தா.

"இஞ்சருங்கோ. இந்தப் பதினொரு இடத்துக்கும் தனியாவே வந்தனீங்கள்?"

"ஓம்."

"எத்தினை நாள்?"

"ரெண்டு வருசம். ஞாயிற்றுக்கிழமைகளில."

சிரிக்கப்போறா என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினா. பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி, மணலைத் தட்டினா.

"வாங்கோ. மூண்டாவது எங்க இருக்கு?"

மூன்றாவது இன்னும் ஒன்றேகால் மைல். வெயில் கூடிப்போச்சு, கல்லுக் குத்துது, தண்ணி விடாய்க்குது, இந்த வழியையும் பிழையாத்தான் எழுதியிருக்கிறீங்கள் என்று போய்ச் சேரும்வரை முறைப்பாடுதான். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தேன்.