பேட்டரிக்கு வைத்த பொட்டு

சிறுமுகை
24-10-1996

அன்புக் கண்ணு புவனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம், அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி ரித்திகா மூவரும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீங்கள் அனுப்பிய படகு மோட்டார் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், பெட்டியைப் பிரித்தபோது உன்மேல் கோபம்தான் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு துடுப்பே பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் மனிதர் கேட்கவில்லை, அணைத்தண்ணீர் ஏறிவிட்டால் அக்கரை வாழைத்தோட்டத்துக்குப் படகை விட்டால் வழியில்லை, அதனால் தோட்டத்தை விற்கச் சொல்லி நீயே அப்பாவுக்கு எழுது என்று ஆடி மாதம் அவருக்குத் தெரியாமல் உனக்குக் கடிதம் போட்டேன். நீ என்னடாவென்றால் மோட்டாரை அனுப்பி வைக்கிறாய்.

மேட்டுப்பாளையத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கரீம் பாய் வந்து பார்த்தார். இதற்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டுமாம், அதனால் இரண்டு பேட்டரி. ஒன்றின் பிளஸ்ஸையும் மற்றதன் மைனஸையும் ஒரு கேபிளால் சேர்த்து, மிச்சமிருந்த இரண்டு முனைகளை மோட்டாருக்குக் கொடுத்தார், நடுவில் ஒரு பியூஸ். சார்ஜ் போடறப்ப மூடியத் தொறந்து வையுங்க, பக்கத்துல வெளக்குப் பத்த வெக்காதீங்க, கெணத்துத் தண்ணி ஊத்தவே கூடாதுங்க என்று எல்லாவற்றையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார், அப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாதா. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துச் சார்ஜ் போடுவது என் வேலையாயிற்று. உள்ளே உலை கொதிப்பதுபோல் குமிழி விடும், நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஆயுத பூஜைக்கு டிராக்டர், பம்புசெட், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பேட்டரியை மட்டும் விடுவேனா? சார்ஜுக்காகக் கேபிளைக் கழற்றியிருந்ததால் மேலே நீட்டிக்கொண்டிருந்த நான்கு ஈய முனைகளிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலை அப்பா அதன் மேலேயே கேபிள் கிளாம்பை மாட்டித் திருகி முடுக்கிவிட்டார், சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க அவருக்கும் மனசு வரவில்லை. மொத ஓட்டத்துக்கு நீயும் வா அம்மிணி என்றார். தனியே விடப் பயந்து ஏறினேன். அந்தப் படகில் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்காருவதுதான் உனக்குத் தெரியுமே.

சுவிட்சைத் திருப்பினார். சத்தமே இல்லை கண்ணு. இன்னும் கிளம்பவில்லை என்று கண்ணைத் திறந்தால் கரை தானாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, மலை மொத்தமும் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கிறது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலா இருந்தேன் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றுவிட்டது. அப்பா உடனே துடுப்பை எடுத்தார். ஏனுங்க, அதத் தொட்டீங்கன்னா நான் தண்ணியில குதிச்சுபோடுவேனுங்க என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது, துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது காட்டோரம் மூங்கில் அசைந்தது. ஏழு யானைகள், கூட ஒரு குட்டி. குடித்துவிட்டுத் திரும்பும் என்று பார்த்தால் நீந்த ஆரம்பித்துவிட்டன. அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீருக்குள் போய்விட்டது, தும்பிக்கைகள் மட்டும் வெளியே. நம் வாசலில் இருந்து கிணறு வரைக்குமான தூரம்தான் இருக்கும், அவை மூச்சு விடுவது கேட்டது. தாய் குட்டியைத் தன் பக்கவாட்டோடு சேர்த்தே கூட்டிப் போனது. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், அழுகை வந்துவிட்டது.

அவை கரையேறிப் போனபிறகுதான் அவர் கிளாம்பைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. கழற்றினால் அடியில் சந்தனம் கருகிக் கிடக்கிறது. கரண்டை நீதான் மறிச்சுப்போட்டியா அம்மிணி என்று சிரித்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. கொண்டை ஊசியால் நானே சுரண்டி எடுத்தேன். மாட்டியதும் ஓடியது. நீயே புடி என்று கைப்பிடியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் ஓட்டுகிறேன், அப்பா முன்னால் சும்மா உட்கார்ந்து வருகிறார். துடுப்பை வீட்டிலேயே பூட்டி வைக்கலாமா என்று கேட்டேன், அவசரத்துக்கு வேண்டும் என்கிறார், இருக்கட்டும், அதுவும் என் காலடியில்தான் கிடக்கிறது. பியூஸ் இரண்டு அனுப்பு. குளிர் வருகிறது, ரித்திகாவுக்குக் காதை மூடாமல் வெளியே விடாதே. மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ மாரியம்மன் துணையிருப்பாள். அந்த ஆடி மாதக் கடிதத்தை மறக்காமல் கிழித்துப் போட்டுவிடு, தோட்டத்தை இனி நான் விற்க விடமாட்டேன்.

படகோட்டும் உன் அம்மா,
குழந்தையம்மாள்