பெட்டியிலிருந்து எடுத்த தைல டப்பா

உ

அல் ஐன்
18-1-2007, வியாழக்கிழமை

அன்புள்ள பேரன் வீரபாண்டிக்கு, அப்பத்தா வடிவு அல் ஐனிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மா கனகாவும் சுகம். உன் அப்பன் ஜெயசீலன் சுகமா இல்லையா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் என்றைக்கு எதைச் சொன்னான்? கனடா தேசத்துப் பனியில் உனக்குக் காதும் மூக்கும் விறைக்காமல் நம் கருப்பசாமி காவல் இருக்கட்டும்.

முழுக் கடிதத்தையும் வாசிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரியை மட்டும் வாசி. சனிக்கிழமை முதல் ஓட்டத்தில் அந்தப் பனி வண்டியை நீ முழு வேகத்தில் விரட்டிப் பார்க்கக் கூடாது. உன் முதலாளி, அந்தச் சின்ன அர்பாப் அவசரப்படுத்தினாலும் கூடாது. அதில் ஒரு சாமான் மாறியிருக்கிறது. அது மாறியபடியே கிடப்பதில் பாதி குற்றம் என்னுடையது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பொங்கலுக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போய்விட்டாய். இங்கே பொங்கல் கேஸ் அடுப்பில்தான் பொங்கியது. உன் அம்மா குலவை போட்டால் பக்கத்து அவுட்ஹவுஸில் இருக்கிற மலையாளத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உன் பங்குக் கரும்பைப் பிரிஜ்ஜில் வைத்திருக்கிறாள். கறுத்துப் போய்விட்டது, எடுத்துப் போட மனசில்லை அவளுக்கு. தினமும் அந்த ஓட்டலுக்குப் போன் பண்ணுகிறாள். எடுக்கிறவள் பிரெஞ்சிலேயே பேசுகிறாளாம். உன் கைபேசி அங்கே வேலை செய்யவில்லை. சின்ன அர்பாபின் போன் நம்பர் உன் அப்பனிடம் மட்டும்தான் இருக்கிறது, அவனிடம் கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதும் கீழே வரும்.

அந்த வண்டி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புரட்டாசி, அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மரப்பெட்டியை உடைத்தால் சக்கரமே இல்லாத ஒரு வண்டி. முன்னால் சறுக்குவதற்கு இரண்டு கட்டை, பின்னால் டிராக்டர் பட்டை மாதிரி ரப்பர் பட்டை. பனியைப் பார்க்காத ஊரில் எதற்கடா இது என்று நான் கேட்டதற்கு நீதான் சொன்னாய். அங்கே காட்டுக்குள் நூறு மைல் பாதையை மிஷின் வைத்து வழித்து அழுத்தித் தோசைக்கல் மாதிரி ஆக்கியிருப்பார்கள், அதில் பறக்கிற வண்டி அப்பத்தா, பனிக்காலத்துக்குச் சின்ன அர்பாப் என்னையும் கூட்டிக்கொண்டு போவார் என்று. உன் முகத்தில் அப்படி ஒரு களை.

நம் வீட்டுக்கும் அர்பாபின் காரேஜுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தானே. ஏ.சி.க்காக நான் அந்தக் காரேஜ் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கிழவிக்கு என்ன விளங்கும் என்றுதானே? முப்பத்தாறு வருஷம் மெக்கானிக் மாயாண்டிக்குப் பொண்டாட்டியாக இருந்தவள் நான். திருமங்கலம் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோன நேரத்திலேயே பாதி வேலை கண்ணில் படிந்துவிட்டது.

நீ அந்த வண்டியை, பாலைவனத்தில் அர்பாப் ஓட்டுகிற மணல் வண்டி மாதிரியே அமைத்தாய். பின்பக்கம் பதிய, முன்பக்கம் லேசாக. உன் அப்பன் வந்து பார்த்துவிட்டு, "கெட்டிப் பாதைக்கு முன்பாரம் வேணும்டா. உள்ள முன்பக்கத்தப் பிடிச்சிருக்க வார்ப்பட்டய ரெண்டு துளை இழுத்துக் கட்டு. இல்லாட்டி வளைவுல திரும்பாது, நேராப் போயி மரத்துலதான் நிக்கும்" என்றான். அவன் சொன்னது சரி. சொன்ன இடம்தான் தப்பு. சின்ன அர்பாப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "லாரிக்கு கிரீஸ் அடிச்ச கையி இதுக்கு ஆகாதுப்பா, விடுங்க" என்றாய். அதையே அரபியிலும் சொன்னாய். அவர் சிரித்து, "கலாஸ், கலாஸ்", போதும் விடு என்று உன் தோளில் தட்டினார். உன் அப்பன் ஸ்பானரைக் கீழே வைத்தான், கையைக் கழுவினான், பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டான். இந்தக் காரேஜில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவன் அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போனதே இல்லை என்றாள் உன் அம்மா.

அதோடு பேச்சு நின்றது. நீ புறப்படுகிற வரைக்கும் தொண்ணூற்றேழு நாள். ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, "அவன்ட்ட சாவியக் குடுக்கச் சொல்லு," "அவர்ட்ட சாவி ஆணியில தொங்குதுன்னு சொல்லு" என்று நடுவில் கனகாவைப் போட்டு அரைத்தீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டி ஓடவிட்டாய். ஒரே புகை. சளி பிடித்த ஆள் மாதிரி இருமியது. நீ கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைச் சில் இரண்டையும், ஜெட் என்று சொல்வீர்களே, அதை எடுத்துவிட்டுச் சின்னத் துளை உள்ளதைப் போட்டாய். வண்டி பாட்டுப் பாடியது. சின்ன அர்பாப் கை தட்டினார். பழைய ஜெட் இரண்டையும் கழிவுத் தட்டில் வீசினாய்.

அய்யா, அது நம் வெயிலுக்குப் பாடின பாட்டு. அனல் காற்று லேசு, அதற்குப் பெட்ரோல் கொஞ்சம் போதும். குளிர்காற்று கெட்டி. அதற்குப் பெட்ரோல் கூட வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறிக் கருகி அப்படியே பிடித்துக்கொள்ளும். வண்டி செய்தவன் பனிக்கென்று சரியாகத்தான் போட்டு அனுப்பியிருந்தான். நீ அதை எடுத்துவிட்டுப் புரட்டாசி வெயிலுக்கு அளவெடுத்துவிட்டாய். இவ்வளவும் என் மூளை இல்லை. நேற்று புதன்கிழமை சாப்பிடும்போது உன் அப்பன் கனகாவிடம் சொன்னது. சொல்லிவிட்டு, "நான் அந்தப் பழைய ஜெட்ட எடுத்துக் கழுவி, தைல டப்பாவுல போட்டு அவன் பெட்டில வச்சுட்டேன். சீட்டும் எழுதி டப்பாவுக்குள்ளயே வச்சுருக்கேன். இந்நேரம் மாத்திருப்பான். மாத்தாம ஓட்டுனான்னா ஓட்டத்துலயே நின்னு ஆளத் தூக்கி எறிஞ்சுருமே" என்றான்.

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த டப்பா உன் பெட்டியில் இல்லை. என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

நீ புறப்பட்ட அன்று மத்தியானம் உன் பெட்டியைத் தராசில் வைத்தோம் அல்லவா, எடை கூடிவிட்டது என்று எதையோ எடுக்கச் சொன்னாய். நான் அந்த டப்பாவை எடுத்துவிட்டு என் எள்ளுப்பொடி பாட்டிலை வைத்தேன். எடைக்காக எடுத்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். எள்ளுப்பொடி அதைவிடக் கனம். உன் அப்பன் காலையில் யாருக்கும் தெரியாமல் அதை உன் சட்டைகளுக்கு நடுவில் செருகியதை நான் பார்த்தேன். உள்ளே என்ன என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன் வைத்தான் என்பதற்காகவே எடுத்தேன்.

எனக்கும் அவனுக்கும் உள்ளது உனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்து ஆனி மாதம் உன் தாத்தா போனார். தந்தி கொடுத்து மூன்று நாள் ஐஸில் வைத்துக் காத்திருந்தோம். இவன் வரவில்லை. பாஸ்போர்ட் பெரிய அர்பாபிடம், பெரிய அர்பாப் லண்டனில் என்று பிறகு சொன்னார்கள். பெற்ற பிள்ளை இருக்க, என் கொழுந்தன் மகன் தியாகு கொள்ளி வைத்தான். ஒரு மாதம் கழித்து இவனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அப்பன் போன பிறகு பார்சல் எதற்கு? நான் பிரிக்கவே இல்லை. இன்றைக்கும் ஊரில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இங்கே வந்து ஐந்து மாதம் அவன் சோற்றைத் தின்றும் அவனிடம் நேராக நின்று பேசினதில்லை. நீ பேசாமல் இருந்தது யாரிடம் படித்தது என்று இப்போது தெரிகிறது.

இதை மடித்துக்கொண்டு கீழக்கரை செய்கு முகம்மது கடைக்குப் போகிறேன். அர்பாப் ஆபீஸில் கொடுத்த சீட்டில் உன் ஓட்டலின் பேக்ஸ் நம்பர் இருக்கிறது. உன் பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தவுடன் ஒரு வரி பதில் போடு. ஜெட்டின் நம்பர் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு பொடி எழுத்து.

அப்பத்தா வடிவு


19-1-2007, வெள்ளிக்கிழமை

வீரபாண்டி, நேற்று அந்தக் கடிதம் போகவே இல்லை. நாலு தரம் போட்டும் லைன் கிடைக்கவில்லை என்று சீட்டுத்தான் வந்தது. செய்கு முகம்மது, "நாளைக்கு ஜும்மா முடிஞ்சு வாங்க பாட்டி, மறுபடி போட்டுப் பாப்போம்" என்றார். நாளை என்றால் உனக்கு ஒரு பொழுதுதான் மிச்சம். ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் உன் அப்பன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது, போய் முன்னால் நின்று டப்பாவை நீட்டினேன்.

அவன் மூடியைத் திறந்து, தான் எழுதின சீட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு ஜெட்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான். "எப்பம்மா எடுத்த?" என்றான். புறப்பட்ட அன்றைக்கு மத்தியானம், நீ வைத்தாய் என்று தெரிந்துதான் எடுத்தேன் என்றேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜெட்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினான். பிறகு, "அவென் ஜெட்டக் கழட்டயிலயே நான் வாயத் தொறந்து சொல்லிருக்கணும். டப்பாவுல போட்டு ஒளிச்சு வச்சேன் பாரு, நானும் ஒரு அப்பன்" என்றான்.

கனகா அழுதுகொண்டே, "சின்ன அர்பாபுக்குப் போனப் போடுங்களேங்க" என்றாள். அவன் உடனே போடவில்லை. "அவருக்குச் சொன்னா, ஒம் மகன் தப்பாச் செட் பண்ணிட்டான்னுதான ஆகும்? பிள்ளைய அங்கனயே வேல இல்லன்னு நிறுத்திருவாக. மொதல்ல அவனுக்குத் தெரியட்டும். அவனாப் பாத்து மாத்துனதா இருக்கட்டும்" என்றான். பிறகு அவனே, "ராத்திரி எட்டு மணி வரைக்கும் பாப்பேன். பதில் வரலன்னா அர்பாபுக்கே போட்டுருவேன். மானமாவது வேலையாவது" என்று எழுந்துவிட்டான். நீ அவனை அந்த ஆள் முன்னால் குறைத்துச் சொன்னவன். அவன் உன்னை அதே ஆள் முன்னால் குறைத்துச் சொல்ல எட்டு மணி வரைக்கும் தவணை கேட்கிறான். இதை நான் என் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்.

இப்போது ஜும்மா முடிந்து கடை திறந்துவிட்டது. இரண்டு கடிதத்தையும் சேர்த்து அனுப்பப் போகிறோம். அவனும் கூட வந்திருக்கிறான். ஜெட்டின் நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கடிதத்தின் அடியில் எழுத இடம் விடச் சொன்னான். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதை வாசிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான்.

ராசா, பதிலை எனக்குப் போடாதே, அவன் பெயருக்குப் போடு. ஒரு வார்த்தை போதும். மாத்தியாச்சு என்று மட்டும் எழுது. மன்னிப்பெல்லாம் உங்களுக்கு எழுத வராது, எனக்கும் வராது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனதும் அந்தப் பார்சலைப் பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

எள்ளுப்பொடிக்கு அங்கே நல்லெண்ணெய் கிடைக்காது, வெண்ணெயில் குழைத்துச் சாப்பிடு. கருப்பசாமி உன் முன்னால் நடக்கட்டும், உன் தாத்தா பின்னால் வரட்டும். முழுசாக வந்து சேர்.

அப்பத்தா வடிவு


மெயின் ஜெட் 160. இரண்டும் அதே நம்பர். நீ போட்டிருப்பது 140. அங்கே பனி வண்டிக் கடையில் நம்பர் சொன்னால் கொடுப்பார்கள். கிடைக்கும்வரை வண்டியை எடுக்காதே.
மாற்றின பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் குறைவு, ஓட்டாதே.
வார்ப்பட்டையை நான் இல்லாதபோது இரண்டு துளை இழுத்துக் கட்டியிருந்தாய். பார்த்தேன். சரியாக இருந்தது.
அப்பா