அம்புமுனைக்குப் பக்கத்தில் ஒரு விரல்

கற்காலத்தின் பட்டத்து இளவரசியான என் மருமகளுக்கு,

பாரிஸ் லா சப்பலின் ஈடிணையற்ற ஆராய்ச்சியாளன் எழுதுவது. நீ தொல்லியல் படிக்கத் தூலூஸ் போனபின், அம்புமுனை தேடி நான் குனிந்து பார்க்காத மண் பிரான்சில் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து, வயல்காரரிடம் கேட்டுவிட்டு, உழுத பீட்ரூட் வயலொன்றில் இறங்கினோம். ஓம், இறங்கினோம். 'கல்லுப் பொறுக்கிற படிப்பு' என்று உன்னோடு பேச்சை நிறுத்திய உன் அம்மாவும் வந்தாள். காற்று வாங்கவாம்!

ஓர் அம்புமுனையை முதலில் கண்டவளும் அவள்தான். நான் பருந்தாகப் பாய்ந்தேன்.

“அண்ணை, தொடாதேங்கோ! கிடந்த இடத்திலை வைச்சே முதல் படம் எடுக்கோணும். பிள்ளை உங்களுக்குப் போனிலை சொல்லேக்கை கேட்டனான்.”

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள், கள்ளி.

படத்தில் அளவு காட்ட என்னிடம் ஒரு நாணயமும் இல்லை. தன் சுட்டுவிரலையே பக்கத்தில் வைத்தாள். இத்துடன் இருக்கும் படத்தில் நீ காண்பது அந்த விரல்தான்.

“இதாலை மானை அடிச்சவங்களோ, காட்டுப் பண்டியை அடிச்சவங்களோ?” என்றாள். எனக்குத் தெரியாத விடயமும் உலகில் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

“எடுத்து அனுப்புவமோ?” என்றேன்.

“வேண்டாம். அவள் வந்து தன்ரை கையாலை எடுக்கட்டும். மானோ பண்டியோ எண்டும் சொல்லட்டும்.”

புட்டுக் கொண்டுவந்த பெட்டியை அதன்மேல் கவிழ்த்துவிட்டு வந்தாள். இப்போது, வேலைக்கு எனக்குச் சாப்பாடு கட்டித்தரப் பெட்டி இல்லையென்று தினமும் என்னைத் தின்கிறாள்.

வயலில் விதைக்க முன் வா, தாயே.

பசியோடிருக்கும் சக்கரவர்த்தி,
உன் மாமா