இலங்கை கேட்கிறது, சிதம்பரம் கேட்கவில்லை

மச்சானுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனான நீ வரவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இது வேறு விஷயம்.

சிதம்பரத்தில் சமுதாய வானொலியில் நீ பேசுகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து, உன் அக்கா தினமும் சாயங்காலம் மூட்டுவலியோடு மஞ்சக்குப்பத்து வீட்டு மொட்டைமாடிக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். நேற்று பழி என் மேல் விழுந்தது.

“கடலத் தாண்டி இலங்கைக்காரன் பேசுறது கேக்குது. தோ இருக்கிற சிதம்பரத்துல எந்தம்பி பேசுறது கேக்காதா? நீங்கதான் ரேடியோவ என்னமோ பண்ணிட்டீங்க!”

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். இலங்கையின் மத்திய அலை கடல்நீரை ஒட்டியே வெகுதூரம் வரும், இருட்டினால் வானத்தில் பட்டும் திரும்பி வரும். அதற்குச் சக்தியும் அதிகம். உங்களுடையது எஃப்.எம்.; ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சின்னக் கம்பம், குறைந்த சக்தி. மரமும் கட்டடமும் மறிக்கும், அப்புறம் பூமியின் வளைவே மறைத்துவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் புவனகிரி தாண்டிக் கேட்டாலே அதிசயம்; நாற்பது கிலோமீட்டர் தள்ளி இங்கே எப்படிக் கேட்கும்?

எல்லாம் சொன்னேன். “எங்கிட்ட கிளாஸ் எடுக்காதீங்க” என்றாள்.

ரேடியோவைக் கெடுத்தவன் என்ற பெயரோடு இந்த வீட்டில் நான் சாப்பிட மாட்டேன். ஞாயிறு சாயங்காலம் அவளைப் புவனகிரிக்கு அழைத்து வருகிறேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து கேட்போம். உன் வீட்டுக்கு வரமாட்டோம். அன்றைக்கு நீயே பேசு. பழைய பதிவைப் போட்டு ஏமாற்றாதே.

கீழே கையெழுத்துப் போடவில்லை. போட்டால் நான் உன்னிடம் ஒன்று கேட்டதாக ஆகிவிடும். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.