மலை உச்சியில் தீர்ந்த சார்ஜ்

அன்புள்ள அம்மாவுக்கு, நார்வேயின் வடகோடி ஹாமர்ஃபெஸ்ட் மீன் ஆலையின் சக்கரவர்த்தியும் உங்கள் மூத்த மகனுமாகிய தூர்ஸ்டைன் பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தம்பி ஐவிந்தின் அடக்கத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று ஊரே கேட்கிறதாமே. யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சத்தியமாக நடந்ததைச் சொல்கிறேன்.

புறப்படும்போது என் மின்சாரக் காரில் சார்ஜ் ததும்பி வழிந்தது. ஆலை வாசலில் என்னோடு வேலை செய்யும் ஆய்லோ கேலி செய்தான்: "அண்ணே, இந்தக் குளிர்ல ஹீட்டர போட்டா வண்டி நின்னுடும், போடலைன்னா நீ நின்னுடுவ!"

ஊர் எல்லைக்குள்ளேயே குளிர் பாதி சார்ஜைத் தின்றுவிட்டது. எதிர்க்காற்று என்னை ருஷ்ய எல்லைவரை பின்னுக்குத் தள்ளியது. ஏற்றத்தில் கலைமான்கள் இரக்கப்பட்டு, காரை மலை உச்சிவரை முட்டி ஏற்றின. அங்கே சார்ஜ் தீர்ந்தது.

ஐவிந்தின் கம்பளிக் கையுறை இன்னும் ஆணியில் தொங்கினால் அனுப்புங்கள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே கை விறைக்கிறது.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடவேண்டும். எல்லாம் புளுகு அம்மா. உச்சியில் சார்ஜ் தீர்ந்தது மட்டும் நிஜம். நான் அங்கே காரை நிறுத்தியபோது போதுமான அளவு இருந்தது. அங்கிருந்து நம் வீடுவரை இறக்கம்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தாலே, உருளும் சக்கரங்களால் சார்ஜ் ஏறிக்கொண்டே கார் வந்து சேர்ந்திருக்கும். அவனை மண்ணுக்குள் இறக்குவதைப் பார்க்கத் துணிவில்லாமல், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சார்ஜ் தீரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.