காட்டிக்கொடுத்த அக்காவுக்கு

அக்கா,

போன ஞாயிறு காலை என் தம்பி வீட்டுக்குள் கால் வைத்ததுமே துப்பாக்கி எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து முறைப்படி அனுமதி எடுத்தவன்தான். சமையலறை மேசையில் பத்திரிகை விரித்துக் கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே அவன் மகன் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தான். நடைவழியில் துப்பாக்கி வைக்கும் இரும்பு அலுமாரியின் பூட்டிலேயே திறப்பு தொங்கியது. "திறப்பை எடுத்து வையடா" என்றேன். "எங்கட வீட்டில ஆர் அக்கா தொடப்போறது?" என்று சிரித்தான். கூடப் பிறக்காத என் அக்கா, நீங்கள் கண்மூடி ஏழு மாதமாகிறது. அந்த இடத்திலேயே உங்கள் ஞாபகம் வந்தது.

பத்து வருடங்களுக்கு முன், இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்டில் எங்கள் தெருத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிறந்தநாள் விருந்தில், பூட்டாமல் கிடந்த துப்பாக்கி அலுமாரியைக் காட்டியபோது வீட்டுக்காரரிடம் இதே பதிலைத்தான் கேட்டோம். அந்த வீட்டுப் பையன், வகுப்பில் எல்லோரையும் ஒருநாள் முடிப்பேன் என்று எழுதியிருந்ததை என் மகள் கைப்பேசியில் காட்டியிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பு. உங்களிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் கேக் சாப்பிட்டேன். நீங்கள் மறுநாளே ஆயுத அனுமதி அலுவலகத்துக்கு அழைத்தீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தவர்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அழைத்தது நான்தான் என்பதை நீங்கள் மறைக்கவில்லை. பிறகு எங்கள் சனம் உங்களைக் காட்டிக்கொடுத்தவள் என்றது. இலங்கைப் போருக்குத் தப்பி வந்த எங்களிடம் அதைவிடக் கேவலமான பெயர் இல்லை. கோயில் அன்னதானத்தில் உங்கள் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நானும்தான் தள்ளி இருந்தேன், அக்கா. என் பிள்ளையும் படித்த வகுப்புக்காகப் பேசியவரை விட்டுத் தள்ளி இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "அங்க காட்டிக்குடுத்தாச் சாவு. இங்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாச் சாவு. இது விளங்காட்டி நான் என்ன செய்ய?"

'ஒன்றுமே நடக்கவில்லையே, வீணாக ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கினாள்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒன்றும் நடக்காமல் இருக்கத்தானே அழைத்தீர்கள்! ஒரு பையன் தகப்பனின் துப்பாக்கியோடு பள்ளிக்கூடம் போய்ச் சுட்ட கொடுமைக்குப் பிறகுதான் இந்த நாட்டில் சட்டத்தை இறுக்கினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது எங்கள் வீடுகளுக்கு விருந்துக்கு வருவதில்லை. போகிற நாங்கள் பார்த்துவிட்டு, வாயில் கொழுக்கட்டையோடு திரும்பி வருகிறோம்.

திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்கு நான் அழைத்தேன், அக்கா. சொந்தத் தம்பி. பெயர் சொல்லாமலும் அறிவிக்கலாம் என்றார்கள். பெயரைச் சொன்னேன்.

நேற்று அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இன்று விடிந்ததும் தொலைபேசியில் கத்தினான். "அக்கா, எல்லாத்தையும் கொண்டு போயிட்டாங்கள். எந்த நாய் காட்டிக்குடுத்ததெண்டு தெரியேல்லை!"

"நான்தான்டா" என்றேன்.