லோ வோல்டேஜ்

செவ்வாய், இரவு

இன்று மாமியாரும் என்னோடு கோவைக்கு டாக்டரைப் பார்க்க வந்தார். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் நான் ஏன் எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது நாள்பட்ட சோர்வு நோய். மூளையின் ரசாயனங்களில் மாற்றம் இருக்கலாம், முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. தெம்பாக இருக்கிறதே என்று மிஞ்சி வேலை செய்தால் மறுநாள் படுக்கைதான்.

மாமியார் பல்லடத்தில் விசைத்தறி குடோன் நடத்துகிறவர்; தறி மோட்டாரோடுதான் அவர் பொழுதே போகும். சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப மோட்டாரு நல்லாத்தான் இருக்குதுங்க. லோ வோல்டேஜுங்களா? ஒரு ஸ்டெபிலைசர் மாத்திரை எழுதிக் குடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதத்தானுங்கம்மா எல்லாரும் தேடிட்டு இருக்கறோம்."

வருஷக்கணக்காக நான் அழுது சொல்லியும் நம்பாதவர், மோட்டார் கணக்கில் புரிந்ததும் நம்பிவிட்டார்! எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பாத்திரம் கழுவ எழுந்தேன். கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "போய்ப் படு அம்மணி. மோட்டாரு காயில் எரிஞ்சு போயிருச்சுன்னா உனக்கு ரீவைண்டிங் பண்ண எங்க போறது?"

இப்போது பக்கத்து அறையில் தன் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அவ சோம்பேறியெல்லாம் இல்ல கண்ணு. கரண்டுதான் பத்தல."